பசியைக் கிளப்பிய பை

அத்தியாயம் 7

"மேடம், எனக்குப் பசிக்குது," என்றான் முகெர்வா.

நப்விரே திரும்பிப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் சான்றுப் பொருள்களை வைக்கும் அறை அது. கான்ஸ்டபிள் கதவோரம் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் வரிசையாகத் தடித்த பைகள்.

"இப்பதானே ரோலெக்ஸ் தின்ன. ரெண்டு முட்டையை ரெண்டு சப்பாத்தியில சுருட்டி."

"அது வயித்துப் பசி. இது மூக்குல வர்ற பசி. இந்தப் பைதான் கிளப்புது."

"அடைப்பான் கிருமி இருந்த பை அது. முகமூடியை மேல ஏத்து."

"அப்ப நான் நாலடி தள்ளி நின்னு பசிக்கறேன்."

நப்விரே காவல்துறையை விட்டு வந்து சொந்தமாகத் துப்பறிபவள். முகெர்வா அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினான். மற்ற நேரம் பேசினான். பெரும்பாலும் மற்ற நேரம்தான்.

டாக்டர் நின்சீமா சிறையில் இருப்பது இந்தப் பைகளால். ஏரிக்கரையில் உள்ள கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் விஞ்ஞானி. மாட்டைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமியை அங்கே வளர்த்து ஆராய்கிறார்கள். மிஞ்சும் கழிவைப் பையில் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பையிலும் வெள்ளைக் கோடு போட்ட பட்டை உண்டு. ஆவி பட்டால் கோடு கறுக்கும்.

ஆட்டோகிளேவ் பழுதானது. கோடு வெளுத்திருந்தபடியே பைகள் குப்பைமேட்டுக்குப் போயின. நின்சீமா இயக்குநர் பேராசிரியர் கயோன்டோவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். கிருமிப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் போன் செய்தாள். பெயர் கேட்டார்கள். சொன்னாள். மாலைக்குள் அந்தப் பெயர் கயோன்டோவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

குப்பை லாரியை யாரும் நிறுத்தவில்லை. நின்சீமாவை நிறுத்தினார்கள். பொய்த் தகவல் கொடுத்தாள், மக்களைப் பீதியில் தள்ளினாள், நிலையத்தின் ரகசியத்தை வெளியே விட்டாள் என்று வழக்கு. தவறைச் சொல்பவரைக் காக்க நாட்டில் சட்டம் இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னவரை மட்டும் அது காக்காது. கயோன்டோ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் மிச்சமிருந்த அந்த வாரத்துப் பைகளை, உள்ளிருந்ததைக் கொட்டிவிட்டு, நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் நின்சீமாவின் கையெழுத்து. எல்லாவற்றிலும் கோடு கறுத்திருந்தது. இவை முறையாக வெந்து சுத்தமான பைகள் என்று சத்தியம் செய்து சொன்னார்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. நீதிபதி பைகளை நம்பினால் நின்சீமாவுக்கு ஏழு வருடம். நின்சீமாவின் தரப்புக்காகத்தான் நப்விரே துப்பறிகிறாள்.

நப்விரே ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது கறுப்பா?"

முகெர்வா எட்டிப் பார்த்தான். "கறுப்புன்னு சொல்ல மனசு வரலை. பால் ஊத்தாத டீ."

"கறுத்திருக்கணும். பாதியில நின்னிருக்கு." அவள் பையின் வாயைத் திருப்பினாள். விளிம்பில் பழுப்புக் கீற்றுகள். கையுறை விரலால் தேய்த்தாள். போகவில்லை.

"தேய்க்காதீங்க, மேடம். அது போகாது. ஸ்கூல் சட்டையில இந்தக் கறை பட்டா அந்த வருஷம் முழுக்க அந்தக் கறையோடதான் போகணும். எங்கம்மா கை என்னா கனம் தெரியுமா? வாழைக் கறை மேடம் இது. இப்ப வாசனையும் புரியுது. வாழைக்காயை இலையில கட்டி மட்டோக்கே வேகவைக்கற வாசனை. நீங்க மீனும் களியும் தின்னு வளந்தவங்க, உங்க மூக்குக்கு இது எட்டாது."

நப்விரே பையைக் கீழே வைத்தாள். "ஆட்டோகிளேவ்ல போய் எவன் மட்டோக்கே வேகவைப்பான்?"

"கேள்வியைத் திருப்பிப் போடுங்க," என்றான் முகெர்வா. "மட்டோக்கே பானையில எவன் இதை வேகவச்சான்?"

கான்ஸ்டபிள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

*

நிலையத்தின் வாசலில் காவலாளியை முகெர்வாவிடம் விட்டுவிட்டு நப்விரே வேலியோரம் நடந்தாள். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் துக்கம் இருந்தது.

"பெரிய விஷயம், மேடம். கயோன்டோ சாப்பாட்டை விட்டுட்டாராம்."

"உண்ணாவிரதமா?"

"கேன்டீன் மட்டோக்கேவை. தினம் ரெண்டு தட்டு, மேல ஒரு கரண்டி வேர்க்கடலைக் குழம்பு, பேராசிரியர்னாலும் வரிசையில நின்னு வாங்குவாராம். மூணு வாரமா வாசல்ல ரோலெக்ஸ் வாங்கித் திங்கறார். டாக்டர் சர்க்கரைன்னு சொல்லிட்டாராம்."

"சர்க்கரைக்காரன் மைதா சப்பாத்தி திம்பானா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். காவலாளி என்னைப் பாத்து, நீ என்ன டாக்டரான்னு கேட்டான். முகாண்டா இனத்துல பொறந்தவன் மட்டோக்கேவை விட்டான்னா ரெண்டே காரணம்தான். செத்திருக்கணும். இல்ல, அந்தப் பானையைப் பத்தி நமக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

நப்விரே அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கேன்டீன் என்பது தகரக் கூரை, மூன்று கல், இடுப்பளவு பானை. சமைப்பவள் இரட்டையரைப் பெற்றவள். அதனால் எல்லோருக்கும் அவள் நலோங்கோ. இரட்டையர் இருவரும் கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, சாப்பிடலாம்," என்றாள் நலோங்கோ, யாரென்று கேட்பதற்கு முன்பே.

முகெர்வாவின் கை நீண்டது. நப்விரே அவன் காலை மிதித்தாள்.

"ஐயோ! இதுக்கு மறுத்தா குத்தம், மேடம்! ஒரு கிள்ளாவது எடுத்து வாயில போடணும்!"

"நலோங்கோ, மூடியைத் திறக்கறீங்களா?"

"வேகலையே இன்னும்."

"பரவால்ல."

மூடி திறந்தது. ஆவி. வாழை இலை மூட்டைகள். ஆவி போகாதபடி அவற்றின்மேல் போர்த்தியிருந்தது ஒரு தடித்த பை. டீ நிறக் கோடு. மசி கலைந்த கையெழுத்து. காலையில் மேசைமேல் பார்த்த அதே எழுத்து, அதே வாரம்.

முகெர்வா பின்வாங்கினான். நீட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இது எங்க கிடைச்சுது?" என்றாள் நப்விரே.

நலோங்கோவின் கண் சுருங்கியது. "நான் திருடலை. பேராசிரியர் ஐயாவே கொண்டாந்து குடுத்தார். ஒரு கட்டு. எல்லாம் புதுப் பை, ஆவி தாங்குதான்னு பாக்கணும், பானை மேல போட்டு மூடுன்னார். சாயங்காலம் வந்து திருப்பி வாங்கிட்டார். நல்ல கனமான பை, உருகவே இல்ல. ஒன்னே ஒன்னை மறைச்சு வச்சேன். அதுக்கா போலீசு?"

"போலீசு இல்ல. அது புதுப் பையும் இல்ல." நப்விரே சொன்னாள். அடைப்பான் என்றாள். மாட்டைக் கொல்வது மனிதனையும் கொல்லும் என்றாள்.

"அதான் கொதிக்குதே. கொதிச்சா எல்லாம் செத்துடுமே."

"இது சாகாது. கொதிக்கற தண்ணியில இது தூங்கி எந்திரிக்கும். அதுக்குத்தான் அந்தப் பெரிய குக்கர். அது பழுதுன்னு சொன்னதுக்குத்தான் நின்சீமா உள்ள இருக்கா."

நலோங்கோ கரி மூட்டைப் பக்கம் பார்த்தாள்.

"அடிப்பிடிச்சதை எல்லாம் இதுங்கதான் சுரண்டித் திங்கும்," என்றாள்.

குடத்தை எடுத்து அடுப்பில் கவிழ்த்தாள். சாம்பல் கூரை வரை எழும்பியது.

"அன்னிலேருந்து அவர் தின்னலை. சர்க்கரைன்னார். நான் முட்டாளு, உடம்பைப் பாத்துக்குங்க ஐயான்னேன். தட்டை வாங்காம சிரிச்சுட்டுப் போனார். அவருக்குப் பின்னால வரிசையில நாப்பது பேர் நிக்கறாங்க. அவங்களைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனார்." அவள் முந்தியை இறுக்கிக் கட்டினாள். "எங்க அந்தக் கோர்ட்டு? நான் வர்றேன். அங்க வந்து கத்தறேன்."

"கத்தினா என்ன ஆகும் தெரியுமா? கழிவுப் பையைத் திருடினவ நீங்கம்பார். பொய் சொல்றீங்கம்பார். நின்சீமா பக்கத்துல உங்களுக்கும் ஒரு பாய் போடுவாங்க. அவ டாக்டர் பட்டம் வாங்கினவ. அவ சொன்னதையே கேக்கலை."

"அப்ப வாயை மூடிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

இருபது வருடம் சீருடையில் இருந்தபோது இந்தக் கேள்வியைப் பலர் நப்விரேயிடம் கேட்டிருக்கிறார்கள்.

"அவர் வாயால வரணும்," என்றாள். "அதுக்கு ஒரு வழி இருக்கு. முதல்ல பிள்ளைங்களும் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அடைப்பான் பட்டிருக்குன்னு சொல்லுங்க, மாத்திரை தருவாங்க. முகெர்வா, கூட்டிட்டுப் போ. திரும்பற வழியில சந்தைக்குப் போ."

"என்ன வாங்கணும்?"

"பானை. புதுசு. ஒரு தார் வாழைக்காயும்."

"கடவுள் இருக்கார்," என்றான் முகெர்வா. "எனக்குப் பசிக்குதுன்னு ஒருத்தருக்காவது கேட்டிருக்கு."

*

நீதிமன்ற முற்றத்து மாமரத்தடியில் மதிய நேரம் எப்போதும் சாப்பாடு விற்கும். இன்று அங்கே நலோங்கோ உட்கார்ந்திருந்தாள். புதுப் பானை விறகுத் தீயில் ஒரே சமையலில் கறுத்துவிட்டது. சுற்றிலும் வாழை இலை.

அரசு வழக்கறிஞர் ஒக்வாரே தட்டோடு வரிசையில் நின்றார். மெலிந்தவர். எரிச்சல்காரர். வாங்கும் சம்பளத்துக்கு மேல் வேலை செய்பவர். நப்விரே அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"பேசாதீங்க," என்றார் ஒக்வாரே. "இரண்டு மணிக்கு எதிர்த்தரப்பு நீங்க."

"நான் சாப்பிட வந்தேன்."

வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்றது. கயோன்டோ இறங்கினார். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. ஒக்வாரேயைப் பார்த்துக் கையசைத்தபடி மரத்தடிக்கு வந்தார்.

நலோங்கோ எழுந்தாள். தட்டில் மஞ்சள் மட்டோக்கே, மேலே வேர்க்கடலைக் குழம்பு. அவர் முன்னால் போய் வழக்கப்படி மண்டியிட்டாள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்க ஐயா. சாப்பிடலாம்."

கயோன்டோவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "நீ எங்க இங்க?"

"நம்ம கேன்டீன் சாப்பாடுதான் ஐயா. இன்னிக்கு இங்க கொண்டாந்தேன்."

"எனக்குச் சர்க்கரைன்னு சொன்னேனே."

"ஒரே ஒரு கிள்ளு."

முற்றம் திரும்பிப் பார்த்தது. மண்டியிட்டவளின் தட்டிலிருந்து ஒரு கிள்ளு எடுக்காத மனிதனை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார்.

"எடுத்துக்குங்க, பேராசிரியரே," என்றாள் நப்விரே. "பாவம், மண்டி போட்டிருக்கா."

"வேண்டாம்னா வேண்டாம்."

"உங்க வம்பு எனக்கு எதுக்கு," என்றார் ஒக்வாரே. "எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு." நலோங்கோவின் கையிலிருந்து அந்தத் தட்டையே வாங்கினார். ஒரு கவளம் பிடித்தார், குழம்பில் தோய்த்தார், வாய்வரை கொண்டுபோனார்.

"சாப்பிடாதீங்க!"

கயோன்டோ அவர் கையைத் தட்டிவிட்டார். கவளம் மண்ணில் விழுந்தது.

ஒக்வாரே தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு கயோன்டோவை.

"ஏன்?"

"அது... சுத்தமில்ல."

"உங்க ஆளுங்க தினம் திங்கறதுதானே?"

"அந்தப் பானை..." கயோன்டோ நிறுத்தினார்.

"பானையைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலையே," என்றாள் நப்விரே.

"இவ திருடி!" கயோன்டோவின் குரல் உயர்ந்தது. "பையைத் திருடிப் பானைமேல போட்டு மூடியிருக்கா! என்னால எப்படி..."

"பையைப் பத்தியும் யாரும் சொல்லலை."

நப்விரே தன் கோபத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"சரி, திருடினான்னே வச்சுக்குவோம். எந்தப் பை? ஆட்டோகிளேவ்ல முறையா வெந்த பை. சுத்தமான பை. நீங்க சத்தியம் பண்ணிச் சொன்ன பை. அது சுத்தம்னா அது பட்ட சாப்பாடும் சுத்தம். எதுக்குப் பயந்தீங்க?"

கயோன்டோ கார் நின்ற பக்கம் பார்த்தார்.

ஒக்வாரே மெதுவாகத் தட்டை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அந்த எரிச்சல்கார முகத்தில் வேறு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"ரெண்டுல ஒன்னு, பேராசிரியரே. சாப்பிடுங்க. இல்ல, அந்தப் பொண்ணு சொன்னது உண்மைன்னு சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சரி."

கயோன்டோ தட்டைத் தொடவில்லை.

நலோங்கோ இன்னும் மண்டியிட்டபடியே இருந்தாள். இப்போது எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"இவருக்குச் சொன்னீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "இவர் வாய்க்குப் போகறதுக்குள்ள பாய்ஞ்சு தடுத்தீங்க. மூணு வாரமா என் பிள்ளைங்க வாய்க்குப் போச்சு. அப்ப ஏன் ஐயா பாயலை?"

கயோன்டோ காரைப் பார்த்து நடந்தார். கான்ஸ்டபிள் குறுக்கே வந்து நின்றார். கொட்டாவி விடாதபோது அவர் நல்ல உயரமாகத் தெரிந்தார்.

முகெர்வா பானையிலிருந்து ஒரு பெரிய கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கூட்டம் அலறியது.

"புதுப் பானைங்க!" என்றான் வாய் நிறைய. "காலையில நான்தான் பேரம் பேசி வாங்கினேன். பழசு ஏரிக்கரையில அப்படியே இருக்கு, நல்லா கட்டி வச்சிருக்கோம். பையோட. ஒக்வாரே ஐயா, நீங்க சாப்பிடலைன்னா அந்தத் தட்டு..."

ஒக்வாரே தட்டைக் கொடுக்கவில்லை.

*

நீதிமன்றத்தின் பின்பக்கம், கைதிகளை வைக்கும் அறை. கம்பிக்குப் பின்னால் டாக்டர் நின்சீமா மஞ்சள் உடையில் நின்றாள். கைதி உடை அவளுக்குப் பெரிதாக இருந்தது. நப்விரே கம்பி வழியே தட்டை நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

நின்சீமா தட்டை வாங்கினாள். உடனே சாப்பிடவில்லை. "புதுப் பானைதானே?"

"புதுசு," என்றான் முகெர்வா. "உங்களுக்கு முன்னாடி நான் தின்னு பாத்துட்டேன். இன்னும் நிக்கறேன்."

ஒக்வாரே தொண்டையைச் செருமினார். "இரண்டு மணிக்கு வழக்கைத் திரும்பப் பெறப் போறேன். அப்புறம் நீங்க போகலாம்." வேறு எதையோ சொல்ல வந்தவர் போல நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை.

நின்சீமா அதை எதிர்பார்க்கவும் இல்லை. "நலோங்கோவும் பிள்ளைங்களும் மாத்திரை ஆரம்பிச்சாங்களா?"

"காலையிலயே," என்றாள் நப்விரே.

"மத்தவங்க?"

நப்விரே ஒக்வாரேயைப் பார்த்தாள்.

"அந்தக் கேன்டீன்ல நாப்பது பேர். குப்பைமேட்டுல பொறுக்கறவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கு யார் சொல்றது? நான் சொல்லவா? இந்தத் தடவை எத்தனை வருஷம்?" அவள் கம்பியை ஒட்டி வந்து நின்றாள். "சொல்லுங்க, ஐயா. நீங்கதானே கணக்குப் போடறவர்."

ஒக்வாரே செல்போனை வெளியே எடுத்தார். "நானே சொல்றேன். யாருக்குப் பேசணும்?"

நின்சீமா எண்ணைச் சொன்னாள். மனப்பாடமாக.

மணி அடித்தது. நீண்ட நேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒக்வாரே சுவர்ப் பக்கம் திரும்பிப் பேசினார். ஏரிக்கரை நிலையம் என்றார். அடைப்பான் என்றார். உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்றார். பிறகு கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

மெதுவாகத் திரும்பினார். போனின் வாயைக் கையால் மூடியிருந்தார்.

"என் பேரைக் கேக்கறாங்க," என்றார்.

நின்சீமா முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்டயும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க," என்றாள்.